அமெரிக்க ஃபுட்பாலில் முன்வரிசையில் நின்று எதிரணியை மோதித் தடுக்கும் லைன்மேன் யாரையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?

கிளீவ்லாந்துவாசி:
விமானத்தில் என் பக்கத்து இருக்கை. முன்பு அங்கே பெரிய தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் டேக்கிளாக, அதாவது லைன்மேன் வரிசையின் ஓரத்தில், ஆடியவர், பெயர் வேண்டாம். தண்ணீர் பாட்டிலை நீட்டி மூடியைத் திறந்து தரச் சொன்னார். அப்போதுதான் விரல்களைக் கவனித்தேன். சுண்டுவிரல் நடு மூட்டிலிருந்து வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கிறது, மோதிர விரல் மடங்கவே இல்லை. எங்கள் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் டேக்கிள் ஜோ தாமஸ் 2007 முதல் 2017 வரை ஒன்றுகூட விடாமல் 10,363 ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) ஆடினார் என்று பெருமை பேசுகிறோம், ஒவ்வொன்றிலும் எதிராளியின் மார்பில் போய் மோதுவது இந்தக் கைகள்தானே. யார் அந்த எண்ணைச் சொன்னாலும் எனக்கு அந்த மூடிதான் ஞாபகம் வருகிறது.

டல்லாஸ் அப்பா:
கஷ்டம்தான், ஆனால் கோடிக்கணக்கில் வாங்கிக்கொண்டுதானே ஆடுகிறார்கள்? நான் பார்த்தது பயிற்சி முகாமில். பந்தை எறியும் நட்சத்திரமான குவார்ட்டர்பேக்கைச் சுற்றி ஒரே கூட்டம், கார்டு என்ற இடத்தில் ஆடும் லைன்மேன் ஒருவர் மட்டும் வேலியோரம் தனியாக நின்றார். என் மகள் தொப்பியை நீட்டியதும் மண்டியிட்டு, அவள் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக் கொடுத்தார். எழுந்திருக்க வேலியைப் பிடிக்க வேண்டியிருந்தது. சின்ன வயசுதான்.

பிட்ஸ்பர்க் ரசிகை:
கோடி கோடி என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். மைக் வெப்ஸ்டர் எங்கள் ஸ்டீலர்ஸ் அணியோடு நான்கு சூப்பர் பவுல் (என்எஃப்எல் இறுதிப் போட்டி) வென்ற சென்டர், அதாவது வரிசையின் நடு லைன்மேன், கடைசிக் காலத்தில் தன் வண்டியிலேயே படுத்துத் தூங்கினார். 2002இல் இறந்தபோது வயது 50. அவர் மூளையைச் சோதித்துத்தான் டாக்டர் பென்னட் ஒமாலு, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு நோயான சிடிஇயை முதன்முதலாக ஒரு என்எஃப்எல் வீரரிடம் கண்டுபிடித்தார்.

நான் பார்த்தது ஒரு பள்ளிக்கூட லைன்மேன். தோழியின் மகன், பயிற்சியாளர் எடை கூட்டச் சொன்னார் என்று கண்ணில் நீர் வர வரச் சோற்றை விழுங்கிக்கொண்டிருந்தான். அதனால் பெற்றோர்களுக்குச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லைதான். மயங்கி விழுந்தால்தான் அடி என்று நினைக்காதீர்கள், லைன்மேனுக்கு ஸ்னாப்புக்கு ஸ்னாப் சின்னச் சின்ன இடி, சேர்ந்துகொண்டே போகும். 2017 ஆய்வில் 111 என்எஃப்எல் வீரர்களின் மூளையில் 110இல் சிடிஇ இருந்தது. குடும்பங்கள் சந்தேகப்பட்டுத் தானமாகக் கொடுத்தவை அவை, எல்லா வீரர்களுக்கும் அதே கணக்கு என்று ஆகாது, சரி. ஆனாலும் வாரத்தில் எத்தனை நாள் முழு மோதல் பயிற்சி என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். சின்னப் பையன் என்றால் முதலில் ஃப்ளாக் ஃபுட்பால் போதும், அதில் இடித்துத் தள்ளாமல் இடுப்பில் தொங்கும் துணியைத்தான் பறிப்பார்கள். தலை வலிக்கிறது என்று சொன்னால் பாதி ஆட்டமானாலும் வெளியே கூட்டி வந்துவிடுங்கள், டாக்டர் சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை திரும்ப இறக்காதீர்கள்.