மறுமொழி: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மே 30 உலக எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நாள். அதற்கான துண்டறிக்கையைத் தமிழில் எழுத உட்கார்ந்தவன் தலைப்பிலேயே நின்றுவிட்டேன். ‘தண்டுவட மரப்பு நோய்’ என்று செய்திகளில் ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று இங்கே இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

என் அத்தை மகளுக்கு இந்த நோய் தொடங்கியபோது மரப்பே இல்லை. ஒரு கண் மங்கியது, கண்ணை உருட்டினால் வலித்தது. சிவப்புப் பேனா மூடி ஒரு கண்ணுக்குச் சிவப்பாகவும் மறு கண்ணுக்கு வெளுத்துப்போன செங்கல் நிறமாகவும் தெரிந்தது. பார்வை நரம்பில் அழற்சி என்றார்கள். சில வாரங்களில் சரியாகிவிட்டதும் நாங்களும் மறந்துவிட்டோம். ஒன்றரை வருடம் கழித்து நடை தடுமாறியபோதுதான் ஒரு மருத்துவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். ‘தண்டுவட மரப்பு’ என்று தலைப்பிட்ட அறிக்கை முன்பே அவள் கைக்கு வந்திருந்தாலும், கண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மடித்து வைத்திருப்பாள்.

உள்ளே நடப்பது இதுதான்: உடலின் எதிர்ப்பு அமைப்பே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. உறை சிதைந்த இடங்கள் கெட்டித் தழும்பாகின்றன. 1868இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ இந்தத் திட்டுகளை வைத்துத்தான் நோயை விவரித்தார். ‘ஸ்கிளிரோஸ்’ என்றால் கிரேக்கத்தில் கெட்டியானது. அதனால் ‘பன்முகக் கடினமாதல்’ சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அதைக் கேட்பவர் உடம்பு விறைத்துவிடும் என்றே பயப்படுவார்.

என் பரிந்துரை: நரம்புறைத் தழும்பு நோய்.

———

தம்பி, ‘மல்டிபிள்’ எங்கே போயிற்று? பாதிப்பு பல இடங்களில், பல காலங்களில் வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதானே நோயறிதலின் அடிப்படை? ‘நரம்புறைப் பல்தழும்பு’ என்று சொல்லக் கூடாதா? அப்புறம், ரத்தக் குழாய் விஷயத்தில் ஆர்ட்டீரியோஸ்கிளிரோசிஸை ‘தமனித் தடிப்பு’ என்கிறோம். ஒரே வேர்ச்சொல் அங்கே தடிப்பு, இங்கே தழும்பு என்றால் மாணவர்கள் குழம்புவார்கள்.

———

ஐயா, ‘பல்தழும்பு’ என்றதும் எனக்கு யாரோ கடித்த தடம்தான் நினைவுக்கு வருகிறது. துண்டறிக்கையை ஓடுகிற கண்ணால் பார்ப்பவருக்கும் அப்படித்தான் இருக்கும். பன்மையைத் தலைப்புக்கு அடுத்த வரியில் சொல்லிவிடுகிறேன்: ‘மூளையில், தண்டுவடத்தில், பார்வை நரம்பில், விட்டு விட்டு வரும்.’ தடிப்பும் தழும்பும் வேறாக இருப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. குழாய்ச் சுவர் தடிக்கிறது, நரம்புறை தழும்பாகிறது. நடப்பதைச் சொல்லும் சொல்தான் நமக்கு வேண்டும்.

துண்டறிக்கையை மருத்துவமனைகளில் மட்டும் வைக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தெரியவரும் நோய் இது, பெண்களுக்கே அதிகம். கல்லூரிப் பலகையிலும் அலுவலக நுழைவாயிலிலும் அது இருக்க வேண்டும். அந்த நாளில் எம்.எஸ். விழிப்புணர்வுக்காக ஆரஞ்சு நிற உடை அணிவதும் கட்டடங்களுக்கு ஆரஞ்சு விளக்கிடுவதும் நல்லதுதான். ஆனால் நோயுள்ள ஒருவர் மேலாளர்கள் முன் பத்து நிமிடம் பேசுவதற்கு ஈடாகாது. வெந்நீரில் குளித்தால் பார்வை மங்கி, உடல் குளிர்ந்ததும் திரும்புவதை அத்தை மகள் சொன்ன பிறகுதான், அவளுடைய களைப்பு சோம்பல் இல்லை என்று அவள் அலுவலகத்தில் நம்பினார்கள்.

‘எம்.எஸ்.’ என்பதையும் தலைப்புக்குக் கீழே பெரிய எழுத்தில் போடுகிறேன். மருத்துவர் வாயிலிருந்து அவர்கள் கேட்கப்போவது அந்த இரண்டெழுத்துதான்.

இன்னொரு சொல் பாக்கி. மயலின் உறை போய்விடுவதைக் குறிக்கும் டீமயலினேஷனுக்கு ‘உறையழிவு’ என்று எழுதியிருக்கிறேன். உறை ஓரளவு மீண்டும் வளர்வதும் உண்டு என்பதால் ‘அழிவு’ உறுத்துகிறது. ‘உறைச்சிதைவு’ பொருந்துமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லுங்கள்.