புதுப்பிப்பு: டூசான் வாஷ் நிலத்துக்கு கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் பதிவாகிவிட்டது

அரிசோனாவில், டூசானுக்கு வெளியே எங்கள் நிலத்தின் நடுவே போகும் வறண்ட ஓடையை (இங்கே வாஷ் என்பார்கள்), நாளைக்கு யார் வாங்கினாலும் தூர்த்து வீடு கட்ட முடியாதபடி காப்பது எப்படி என்று போன வருடம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வழி கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்தான்: நிலம் நம்மிடமே இருக்கும், அதை மாற்றிக் கட்டும் உரிமையை மட்டும் ஒரு நில அறக்கட்டளைக்கு (நிலத்தைக் காக்கும் தொண்டு அமைப்பு) நிரந்தரமாகக் கொடையாக விட்டுக்கொடுக்கும் பத்திரம். போன மாதம் அது கவுண்டியில் (இங்குள்ள மாவட்டம் மாதிரி) பதிவாகிவிட்டது.

கைகொடுத்தது "முதலில் அடமானத்தைப் பாருங்கள்" என்ற யோசனைதான். நிலத்தின்மேல் கடன் இருந்தால், ஈஸ்மென்ட்டுக்குப் பிறகுதான் தன் உரிமை என்று கடன் கொடுத்தவர் எழுதித் தர வேண்டும்; இல்லாவிட்டால் இந்தக் கொடைக்கு வரிக்கழிவு கிடைக்காது, நாளை நிலம் ஏலத்துக்குப் போனால் ஈஸ்மென்ட்டே அழிந்துபோகலாம். அந்தக் கடிதத்துக்கு ஐந்து மாதம் அலைந்தேன். அதற்குள், வரிக்கழிவுக்காகக் கொடையின் மதிப்பைக் கணக்கிட்டு வாங்கிய மதிப்பீட்டு அறிக்கை பழசாகிவிட்டது, கொடை கொடுக்கும் தேதிக்கு 60 நாளுக்கு மேல் முந்தியது செல்லாதாம், மறுபடி பணம் கட்டினேன். ஆகவே கடிதம் உறுதியான பிறகு மதிப்பீட்டாளரைக் கூப்பிடுங்கள்.

எதிர்பாராத செலவு ஒன்று: வருடாவருடம் வந்து பார்ப்பதற்காக நில அறக்கட்டளை ஒரு தொகை கேட்டது. அப்புறம், நிலத்தின் இப்போதைய நிலையைப் பதிவுசெய்ய வந்த உயிரியலாளர் அயர்ன்வுட், பாலோ வெர்டே, மெஸ்கிட் மரங்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். மெஸ்கிட் நம்மூர் சீமைக் கருவேலத்துக்குச் சொந்தக்காரன்தான், ஊரில் வெட்டச் சொல்கிறோம், இங்கே அது மண்ணின் மரம்! ஓடையை மறித்திருந்த எங்கள் பழைய கம்பி வேலியைத்தான் எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டோம்.

நிலம் இன்னும் எங்கள் பெயரில்தான். விற்கலாம், கட்டுப்பாடும் கூடவே போகும்.