உதகைப் பூங்காவின் உறைபனியைப் படமெடுக்க ஆலோசனை தேவை

அன்பர்களுக்கு வணக்கம். 1848-இல் உருவான உதகை அரசு தாவரவியல் பூங்காவை மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் பலமுறை படமெடுத்திருந்தாலும், புல்வெளியில் உறைபனி படியும் சனவரிக் காலையில்தான் அது பேரழகு என்பது என் எண்ணம். சென்ற வாரம் முயன்றபோது, புல்நுனிகளில் பொடியுப்புப் போல ஒட்டியிருந்த பனி படத்தில் சாம்பல் நிறமாகவே பதிந்தது. எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியளவை) ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காகக், கூட்டியதும் வெண்மை வந்தது, ஆனால் பின்னால் வெயில் பட்ட மரங்கள் வெளிறிப்போயின. வெயில் ஏறியதும் பனி உருகிவிடுவதால் நிதானமாகச் சோதித்துப் பார்க்கவும் நேரமில்லை. இதற்கு ரா கோப்பாக (கேமரா பதிந்த தரவைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பாக) எடுத்துப் பின்னர் திருத்துவது நல்லதா, வெவ்வேறு எக்ஸ்போஷரில் மூன்று படங்கள் எடுத்து இணைப்பது நல்லதா? குளிரில் பேட்டரி விரைவில் தீர்வதற்கும், அறைக்குள் வந்ததும் லென்ஸில் நீர் பூப்பதற்கும் நீங்கள் கையாளும் வழிகளையும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.