ஸ்கஃபோல்டிங்: சாரமா, வரிச்சா?

வணக்கம். ஒரு தளத்தின் தொடக்கக் கோப்புகளையும் பக்கங்களையும் கருவியே எழுதித் தருவதை மென்பொருளில் ஸ்கஃபோல்டிங் என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்பதுதான் கேள்வி. இங்கே வந்த யோசனைகளுக்கு என் பதில்:

> கட்டடத்துக்குப் போடுகிற சாரத்தையே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

அண்ணா, சாரம் நல்ல சொல்தான். ஆனால் மட்டக்களப்பில் இருந்து எழுதும் எனக்கு அதில் இரண்டு இடறல் உண்டு. முதலாவது சின்னது. இங்கே சாரம் என்றதும் இடுப்பில் உடுப்பதுதான் நினைவுக்கு வரும். உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு நான் எழுதிய கைநூலில் "முதலில் சாரம் கட்டுங்கள்" என்ற வரியைக் கண்டதும் வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரிப்பு ஒரு நாளோடு போய்விடும். அதற்காக ஒரு சொல்லைத் தள்ளத் தேவையில்லை.

இரண்டாவதுதான் பெரிது. பூச்சு முடிந்ததும் மேசன் சாரத்தை அவிழ்த்து அடுத்த வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். நாம் பெயர் தேடுகிற பொருள் அப்படிக் கழன்று போவதில்லை.

ஒரு காலத்தில் கழன்றது என்பதும் உண்மை. இந்தச் சொல்லை இணையத்தில் பரவலாக்கியது 2004இல் வந்த, வலைத்தளம் கட்ட உதவும் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற மென்பொருள். அதன் தொடக்கப் பதிப்புகளில் ஒரே ஒரு வரி எழுதினால் பட்டியல், சேர், திருத்து, நீக்கு என்ற பக்கங்கள் ஓடும்போதே தோன்றும். சொந்தப் பக்கங்களை எழுதி முடித்ததும் அந்த வரியை எடுத்துவிடலாம். அது அசல் சாரம். 2007இல் வந்த 2.0 பதிப்பில் அந்த முறையை விலக்கிவிட்டார்கள். கோப்புகளை எழுதித் தருகிற கட்டளை மட்டும் தங்கியது. அப்படி எழுதப்பட்ட கோப்புகளை யாரும் கழற்றுவதில்லை, அவற்றின் மேல்தான் கட்டுகிறோம். பொருள் மாறிவிட்டது, ஆங்கிலத்தில் பெயர் மட்டும் மாறவில்லை. அந்தப் பழைய பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இப்போது இந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவு முகவர்கள், அதாவது நாம் சொன்னதைக் கேட்டுத் தாமே நிரல் எழுதும் கருவிகள், செய்கின்றன. சாவு வீடுகளுக்கு உதவும் எங்கள் ஊர் மரணாதாரச் சங்கத்துக்கு ஒரு சுயசேவை வலைவாசல் செய்யப்போய் அதைக் கண்டேன். உறுப்பினர் தன் சந்தா நிலுவையைப் பார்க்க வேண்டும், கதிரையும் பந்தலும் கேட்டுப் பதிய வேண்டும், செயலாளர் அதை அனுமதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். முகவர் இரண்டொரு கேள்வி கேட்டது. அப்புறம் கோப்புறைகள், தரவு அட்டவணைகள், உள்நுழைவு, படிவங்கள் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. பார்த்தால் முடிந்த தளம் போலவே இருந்தது. உலாவியின் முகவரியில் என் உறுப்பினர் இலக்கத்தை மாற்றி அடித்தேன். இன்னொருவரின் நிலுவை திரையில் வந்து நின்றது. உள்ளே வருபவர் யார் என்று தளம் கேட்டிருந்தது; அவர் திறக்கிற பதிவு அவருடையதா என்று கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் அம்மப்பாவின் வீடு நினைவுக்கு வந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் மண்சுவர் வீடு. கப்புகளை நட்டு, மெல்லிய கம்புகளைக் குறுக்கே நெருக்கமாக வரிந்து கட்டுவார்கள். அதுதான் வரிச்சு. பிறகு இரு பக்கமும் களிமண்ணைக் குழைத்து அப்புவார்கள். வரிச்சு கட்டியதுமே வீட்டின் உருவம் வந்துவிடும், எது அறை, எது வாசல் என்று சொல்லிவிடலாம். ஆனால் இடைவெளியால் உள்ளே இருப்பது அத்தனையும் வெளியே தெரியும். மண் அப்பிய பிறகும் வரிச்சு சுவருக்குள்ளேயே இருந்து அதைத் தாங்கும். மாரியில் மண் கரைந்தால் மறுபடி கண்ணில் படும்.

முகவர் எனக்குத் தந்தது இதுதான், அச்சொட்டாக. ஆகவே என் பரிந்துரை வரிச்சு. பிள்ளைகளிடம் "இது வரிச்சு, இன்னும் மண் வைக்கவில்லை" என்றால் அனுமதிகளைச் சரிபார்க்காமல் தளத்தைத் திறந்துவிடக்கூடாது என்பதை விளக்கப் பாதி நேரம் போதும். சாரம் என்ற சொல்லில் அந்த எச்சரிக்கை இல்லை.

> சட்டகம் என்று சொன்னால் என்ன?

அது ஏற்கெனவே பிரேம்வர்க்குக்குப் போய்விட்டது, அக்கா. வார்ப்புருவும் அப்படித்தான், டெம்ப்ளேட்டுக்கு நிலைத்துவிட்டது.

வினையாக வரும்போது "வரிச்சுக் கட்டு" என்றே எழுதலாம். வரிச்சைக் கண்டிராதவர்களுக்கும் "வரிந்து கட்டுதல்" தெரியும் என்பதால் சொல் அந்நியமாக இராது. கருவியை "வரிச்சு முகவர்" எனலாம். முகவர் என்றால் இங்கே முதலில் நினைவுக்கு வருபவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர்தான், ஆனாலும் ஒருவர் சார்பில் வேலை முடித்துக் கொடுப்பவர் என்ற கருத்து பொருந்துகிறது, விட்டுவிடலாம். வலைவாசல் தமிழ் விக்கிப்பீடியாவில் நெடுநாளாகப் புழங்குகிறது, அதைத் தொட வேண்டாம்.

இதை ஊர்ச்சொல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் எங்களுக்குப் பக்கத்து அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் பிறந்தவர். கணனி என்று இலங்கையில் நாங்களும் கணினி என்று தமிழ்நாட்டில் நீங்களுமாக ஒரு தலைமுறை எழுதிவிட்டோம். இன்னொரு சொல் அப்படிப் பிரிவதை நான் விரும்பவில்லை. அதனால்தான் கைநூலில் போடுமுன் இங்கே கேட்கிறேன்.

தஞ்சை, கொங்குப் பக்கத்து மண்சுவருக்குள் கட்டுகிற கம்புக்கு அங்கே என்ன பெயர்? வரிச்சு என்றேதானா, வேறு சொல் உண்டா? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். கைநூலின் அடுத்த பதிப்பை இந்த மாதக் கடைசியில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.