இடது கணுக்கால் பிசகியது, இப்போது வலது முழங்கை வலி: தொடர்பு இருக்குமா? (பேஸ்பால்)

டல்லாஸ் அம்மா:

வணக்கம். பையனுக்கு 14 வயது, வலது கை பிட்சர் (பந்து வீசுபவன்). மார்ச் மாதம் ஓடும்போது பேஸின் (ஓடிப்போய்த் தொட வேண்டிய திண்டு) விளிம்பை மிதித்து இடது கணுக்கால் பிசகிவிட்டது. வீக்கம் வற்றியதும் மறுபடி ஆடப் போய்விட்டான். நொண்டவும் இல்லை, வலி என்று சொல்லவும் இல்லை. இப்போது வலது முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்கிறான். வேகமாக வீசும்போதுதான் வலி. மறுநாள் காலையில் பல் தேய்க்கக் கையை மடக்கினாலும் முகம் சுளிக்கிறான்.

"நிறைய வீசிவிட்டான், ஒரு வாரம் ஓய்வு போதும்" என்கிறார் கோச். ஆனால் வீடியோ எடுத்துப் பார்த்தால், வீசும்போது முன்னால் ஊன்றும் இடது கால் தரையில் பட்டதும் பாதம் உள்பக்கமாகச் சரிகிறது. போன வருட வீடியோவில் அப்படி இல்லை. காலுக்கும் கைக்கும் சம்பந்தம் இருக்க முடியுமா?

நியூஜெர்சி ரசிகன்:

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். இந்த வயதில் முழங்கை உள்பக்க எலும்பின் வளர்ச்சித்தட்டு (எலும்பு வளரும் மென்மையான பகுதி) இன்னும் மூடியிருக்காது. வீசும்போது இழுபடுவது அதுதான். பார்த்து முடிக்கும் வரை அவன் பந்து வீச வேண்டாம்.

பிசியோ, ஒஹாயோ:

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அப்புறம் உங்கள் கேள்விக்கு: சம்பந்தம் நிச்சயம் இருக்க முடியும். என்னிடம் முழங்கை வலியோடு வரும் பிட்சர்களைக் கட்டிலில் உட்கார வைப்பதற்கு முன் ஷூவைக் கழற்றச் சொல்கிறேன்.

டிஸ்ஸி டீன் கதை தெரிந்திருக்கும். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் வலது கை பிட்சர். 1934-ல் ஒரே சீசனில் அவர் கணக்கில் 30 வெற்றி. 1937 ஜூலையில் வாஷிங்டனில் நடந்த ஆல்-ஸ்டார் (நட்சத்திர வீரர்கள் ஆடும்) ஆட்டத்தில், ஏர்ல் ஏவரில் அடித்த பந்து நேராக வந்து அவர் இடது கால் கட்டைவிரலை உடைத்தது. விரல் ஆறுவதற்குள், இரண்டே வாரத்தில், மவுண்டில் (பிட்சர் நின்று வீசும் மேடு) ஏறிவிட்டார். வலிக்கும் விரலில் எடை விழாமல் இருக்க வீசும் முறை மாறியது. கொஞ்ச நாளில் வலது கை போயிற்று. 27 வயது அப்போது. 1938 முதல் ஓய்வு வரை மொத்தமே 16 வெற்றிதான். அடிபட்டது கால் விரல், போனது கை. இதை ஒவ்வொரு பெற்றோருக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இடது கால்தான் வலது கை பிட்சரின் முன்கால்.

கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் முன்காலை ஊன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அந்தக் கால்தான் பிரேக். உடல் எடையை விட அதிகமான விசை அதில் விழுகிறது. பாதம் அசையாமல் நின்றால் முழங்கால் இறுகி, இடுப்பு அதன் மேல் திரும்பி, வேகம் முதுகு வழியாகத் தோளுக்கு ஏறும். பாதம் சரிந்தால் இடுப்பு சரியாகத் திரும்பாது. மார்பு முன்னதாகவே திறந்துகொள்ளும், கை பின்தங்கும். குறைந்த வேகத்தைக் கையே ஈடுகட்டப் பார்க்கும். தேர்ந்த பிட்சரின் தோள் வினாடிக்கு சுமார் 7,000 டிகிரி வேகத்தில் சுழல்கிறது. அந்த நேரத்தில் முழங்கையின் உள்பக்கம் ஏற்கெனவே தாங்கும் எல்லையில்தான் இருக்கிறது.

கணுக்கால் பிசகினால் வலி போன பிறகும் இரண்டு குறை தங்கிவிடும்: சமநிலையும், கணுக்கால் மடங்கும் அளவும். நொண்டாமல் நடப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான். முழங்கைத் தசைநார் கிழிந்த வீரர்கள் ஒற்றைக்கால் சமநிலைச் சோதனையில் மற்றவர்களை விடப் பின்தங்கியதாக 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. கால்தான் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் நான் காலைப் பார்க்காமல் விடமாட்டேன்.

வீட்டில் இதைச் செய்து பாருங்கள். வெறுங்காலில் சுவரைப் பார்த்து நிற்கட்டும். குதிகால் எழும்பாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். விரல் நுனியைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடிகிறது என்று இரண்டு காலிலும் அளந்து பாருங்கள். அடுத்து, கண்ணை மூடி ஒவ்வொரு காலிலும் அரை நிமிடம் நிற்கட்டும், நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

டல்லாஸ் அம்மா:

செய்து பார்த்தோம். சுவர்ச் சோதனையில் இடது கால் மூன்று விரற்கடை குறைவு. கண்ணை மூடினால் வலது காலில் நிற்கிறான். இடது காலில் உடனே தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொள்கிறான். இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. வியாழக்கிழமை எலும்பு டாக்டரிடம் போகிறோம்.

கோச், சான் ஹோசே:

அந்தக் கணுக்காலைக் கட்டாயம் கவனியுங்கள். ஆனால் உங்கள் கோச் சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள் அம்மா. முழங்கை வலிக்கு நான் பார்த்தவரை முதல் காரணம் அதிகம் வீசுவதுதான். 13, 14 வயதுக்கு மேஜர் லீக் (அமெரிக்காவின் முதன்மையான பேஸ்பால் லீக்) வெளியிட்ட வழிகாட்டி ஒரு நாளைக்கு 95 பந்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. 66-ஐத் தொட்டாலே 4 நாள் ஓய்வு. பள்ளி அணி, கிளப் அணி, வார இறுதிப் போட்டி எல்லாவற்றையும் கூட்டி எண்ண வேண்டும். பல வீடுகளில் அந்தக் கூட்டலை யாரும் செய்வதில்லை.

பிசியோ, ஒஹாயோ:

கோச் சொல்வது மிகச் சரி, இரண்டும் சேர்ந்துதான் கையைக் கெடுக்கும். வியாழக்கிழமை டாக்டரிடம் கணுக்கால் பிசகியதையும் மறக்காமல் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பையன்கள் சொல்ல மாட்டார்கள். இரண்டு வீடியோவையும் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் அனுமதித்தால் கை ஓய்வில் இருக்கும்போதே கால் பயிற்சியைத் தொடங்கலாம்: குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவது, ஒற்றைக்காலில் நிற்பது, பிறகு முன்னால் தாவி இடது காலில் இறங்கி அசையாமல் நிற்பது. அப்படி இறங்கும்போது பாதம் சரியாமல் நின்ற பிறகுதான் மவுண்டைப் பற்றிப் பேச வேண்டும்.