பழைய ப்ரொஜெக்டரில் படம் சரியாகத் தெரியவில்லை, வேறு எதற்காவது பயன்படுமா?

தேவனாம்பட்டினம் டீச்சர்:
வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். தெரிந்தவர் ஒருவர் தன் அலுவலகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த டிஎல்பி ப்ரொஜெக்டரை எங்களுக்குக் கொடுத்தார். 800க்கு 600 ரெசல்யூஷன், 2000 லூமென்ஸ் வெளிச்சம். கம்ப்யூட்டரை இணைக்க விஜிஏ மட்டும்தான், எச்டிஎம்ஐ கிடையாது.

லேப்டாப்பில் இருப்பதோ எச்டிஎம்ஐ மட்டும். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ உள்ள கேபிளைப் போட்டால் 'நோ சிக்னல்' என்கிறது. பழைய கம்ப்யூட்டரில் மாட்டினால் படம் வருகிறது, ஆனால் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். பகலில் எதுவும் தெரிவதில்லை. புது லேம்ப் வாங்க வசதி இல்லை, தூக்கிப் போடவும் மனமில்லை. பிள்ளைகளுக்கு உபயோகமாக இதை வைத்து என்ன செய்யலாம்?

புதுவை சர்வீஸ்:
டீச்சர், எச்டிஎம்ஐ டிஜிட்டல், விஜிஏ அனலாக். நடுவில் மாற்றிக் கொடுக்கும் சிப் இல்லாத கேபிள் வேலை செய்யாது. 'எச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வெர்ட்டர்' என்று கேட்டு வாங்குங்கள். ஆடியோ ஜாக் இருப்பதாகப் பாருங்கள், விஜிஏவில் சத்தம் போகாது. இன்னொன்று, கட்டணச் சேனல் ஆப்களின் படம் இந்த வழியில் கறுப்பாகப் போகலாம். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டுதான் காரணம், ப்ரொஜெக்டரில் குறை இல்லை.

டிஎல்பி சிப்பில் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் முடியின் தடிமனை விடச் சிறிய ஒரு கண்ணாடி உண்டு. உங்களுடையதில் 4,80,000 கண்ணாடிகள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987இல் உருவாக்கியது இந்தச் சிப். எத்தனை முறை பிரித்துப் பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை. ஒரு கண்ணாடி ஒளியைத் திரைக்கு அனுப்பும் பக்கமே சாய்ந்து மாட்டிக்கொண்டால் அந்த இடம் வெள்ளையாக நின்றுவிடும். போகப் போகப் புள்ளிகள் கூடும். சிப் மாற்றும் செலவுக்கு இந்த மிஷின் பெறாது. சினிமாவை மறந்துவிடுங்கள், அசையாத கோட்டுப் படத்துக்கு இது தாராளமாகப் போதும்.

போர்டு எழுதுகிறவன்:
தம்பி சொன்ன அந்தக் கடைசி வரிதான் விஷயம். டீச்சர், நான் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் கடை போர்டும் சுவர் விளம்பரமும் எழுதுகிறேன். முன்பெல்லாம் சின்னப் படத்தில் கட்டம் போட்டு, சுவரிலும் நூல் அடித்துக் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிதாக்குவோம். இப்போது இந்த மாதிரிப் பழைய ப்ரொஜெக்டர்தான் எனக்கு அந்த வேலையைச் செய்கிறது. பொழுது சாய்ந்த பிறகு வேலை என்பதால் வெளிச்சக் குறைவு ஒரு பொருட்டே இல்லை. வெள்ளைப் புள்ளி இருந்தால் இருக்கட்டும், அதன் மேல் யாரும் கோடு போடப் போவதில்லை.

உங்கள் வகுப்புச் சுவரில் மாவட்ட வரைபடம் வரையுங்கள். பெண்ணையாறு, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கு எல்லையில் கொள்ளிடம், அதற்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில் வீராணம் ஏரி. பிள்ளைகளே கோடு இழுக்கட்டும். தன் கையால் இழுத்த ஆற்றைப் பிள்ளை மறக்காது.

செய்முறை சொல்கிறேன். இந்த வகையில் பெரும்பாலானவற்றுக்கு 4 மீட்டர் தள்ளி வைத்தால் ஏறக்குறைய 2 மீட்டர் அகலப் படம் கிடைக்கும். அப்போது படத்தின் ஒரு புள்ளியே இரண்டரை மில்லிமீட்டர் வரும், வளைவெல்லாம் படிப்படியாகத் தெரியும். அந்தப் படியை அப்படியே வரையாமல் கை போக்கில் வழித்து விடுங்கள். மிஷினைச் சாய்த்து வைத்தால் படம் ஒரு பக்கம் அகலும். மெனுவில் கோணலை நிமிர்த்தும் கீஸ்டோன் போட்டுச் சரிசெய்தால் படத்துக்கு இருக்கிற புள்ளிகளும் குறையும். அதனால் ரசமட்டம் வைத்து நேராக நிறுத்துங்கள். நாலு மூலையிலும் சுவரில் குறி போட்டுக்கொள்ளுங்கள், யாராவது இடித்துவிட்டால் பழைய இடத்துக்கே கொண்டுவரலாம்.

புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஒளிக்கோட்டின் மேலேயே சாக்பீஸ் கோடு விழுவதால் எது வரைந்தது, எது வரையாதது என்று கண்ணுக்குப் பிடிபடாது. பவர்பாயிண்ட்டில் படத்தை ஓடவிட்டு 'பி' எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகும். கைவிளக்கு அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினால் படம் வந்துவிடும். விட்டுப்போன கோடு உடனே தெரியும்.

கோலப்பித்து:
டீச்சர், மார்கழிக்கு வாசலில் பெரிய கோலம் விழவைத்து அதன் மேல் மாவு போடலாமே! மாடியிலிருந்து கீழே பார்த்து வைத்தால் நடக்குமா, அண்ணா?

புதுவை சர்வீஸ்:
ஆசை நல்ல ஆசை அக்கா, ஆனால் செங்குத்தாகக் கவிழ்க்காதீர்கள். இந்த லேம்ப் படுத்த நிலையில் எரிவதற்காகச் செய்தது. நிறைய மாடல்களில் சில டிகிரிக்கு மேல் சாய்த்தாலே சூடு ஓரிடத்தில் ஏறி லேம்ப் வீணாகும், கையேட்டில் அளவு போட்டிருப்பார்கள். ப்ரொஜெக்டரைச் சமமாக வைத்து, எதிரில் ஒரு கண்ணாடியை 45 டிகிரி சாய்த்து ஒளியைத் தரைக்குத் திருப்புங்கள். சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியில் கோட்டுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு கோடு தெரியும், கோலத்துக்கு அது தொந்தரவில்லை. படம் இடம் வலம் மாறி விழும். மெனுவில் ரியர் ப்ரொஜெக்‌ஷன் போட்டால் சரியாகிவிடும்.

ஸ்பேர் பார்ட்ஸ் ரசிகன்:
நானாக இருந்தால் பிரித்து லென்ஸ், ஃபேனை எடுத்துக்கொள்வேன்.

புதுவை சர்வீஸ்:
ஓடுகிற மிஷினைப் பிரிக்க வேண்டாம் தம்பி. லேம்ப் பற்றவைக்கும் போர்டில் ஆயிரக்கணக்கில் வோல்ட் வரும். லேம்ப்புக்குள் பாதரசம், எரியும்போது காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு அழுத்தம். ஆயுள் முடிந்த பிறகு குப்பையில் போடாமல் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள்.

தேவனாம்பட்டினம் டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. கன்வெர்ட்டர் வாங்கிப் போட்டேன், படம் வந்துவிட்டது! வரைபடத்தோடு நம் கடல் மீன்களையும் சேர்க்கலாம் என்றிருக்கிறோம். வஞ்சிரம், சங்கரா, கவலை, நெத்திலி என்று பிள்ளைகளே பட்டியல் எழுதிவிட்டார்கள். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள், எந்தத் துடுப்பு எங்கே என்று எனக்கே திருத்தம் சொல்கிறார்கள். இரண்டு சந்தேகம். நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது? சுவர் சுண்ணாம்பு அடித்தது, தொட்டால் கையில் ஒட்டுகிறது. அதன் மேல் பெயிண்ட் நிற்குமா?

புதுவை சர்வீஸ்:
கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடும், சூட்டோடு நிற்பது லேம்ப்புக்கு ஆகாது. அதன் வாட்டேஜைத் தாங்கும் யுபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் வந்ததும் உடனே போடாதீர்கள், சூடான லேம்ப் பற்றாது, நன்றாக ஆறட்டும். நீங்களாக அணைக்கும்போதும் ஃபேன் நிற்கும் வரை பிளக்கைப் பிடுங்கக் கூடாது. கடற்கரைக் காற்றில் திறந்து வைக்காமல், ஆறிய பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

போர்டு எழுதுகிறவன்:
கையில் ஒட்டுகிற சுண்ணாம்பின் மேல் எதுவும் நிற்காது டீச்சர், பட்டையாக உரிந்து வரும். பட்டித் தகட்டால் நன்றாகச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சிமெண்ட் ப்ரைமர் ஒரு கை கொடுங்கள். ஒரு நாள் காய வேண்டும். அப்புறம் ப்ரொஜெக்டரை எடுங்கள். சாக்பீஸ் கோட்டை மெல்லத் தட்டிவிட்டுப் பெயிண்ட் வைக்கச் சொல்லுங்கள், தூள் கலந்தால் நிறம் வெளுக்கும். ஞாயிற்றுக்கிழமை செய்வதாக இருந்தால் சொல்லுங்கள், ரசமட்டமும் நாலைந்து பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.