வாசகசாலை வளவை விற்க நீதிமன்ற அனுமதி வேணுமாம்!

கடற்காற்று (கல்லடி):
நேற்று வாசகசாலைச் சங்கக் கூட்டத்தில் நம்ம பொருளாளர் எழும்பி, "பதிவு செய்த சங்கம் ஒரு பேர்ச் காணி விற்கிறதென்றாலும் நீதிமன்ற அனுமதி வேணும்" என்று அடித்துச் சொன்னார். ஆதாரம் கேட்டால் தமிழ்நாட்டு வக்கீல் ஒருவரின் யூடியூப் காணொளியாம்! அங்கே 1975இல் வந்த தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டம் எப்போது வாவி கடந்து மட்டக்களப்புக்கு வந்தது? பின்வளவை விற்றுக் கூரை போடலாம் என்றால் இப்படி ஒரு முட்டுக்கட்டை.

உறுதிக்காரன்:
சரி தம்பி. காணி உறுதிப் பத்திரத்தில் யார் பெயர்?

கடற்காற்று:
சங்கத்தின் பெயர்தான். பதிவு இலக்கமும் இருக்கிறது.

உறுதிக்காரன்:
பதிவு இலக்கத்தை யார் கேட்டது? உறுதியில் யார் பெயர்? நம்ம நாட்டில் 1891ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சங்கங்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி பதிந்திருந்தால் சொத்து நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் (டிரஸ்டிகள்) கையில். தலைவர் தன் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகேலாது.

படுவான்கரையான்:
எந்தச் சட்டத்தில் பதிந்தது என்பதெல்லாம் பிறகு. நீதிமன்றம் வேணுமா வேணாமா? பொருளாளர் சொன்னது சரிதான். 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம், 101ஆம் பிரிவு. தருமச் சொத்தை விற்க மாவட்ட நீதிமன்றம் அதிகாரம் கொடுக்கலாம் என்று இருக்கிறது.

கடற்காற்று:
"கொடுக்கலாம்" என்றுதானே இருக்கிறது? கட்டாயம் எடுக்கவேணும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

படுவான்கரையான்:
விற்க அதிகாரம் கொடுக்கிறவரிடம் போகாமல் விற்கிறது என்ன நியாயம்? வாவிக்குக் கிழக்கே இருக்கிற எழுவான்கரைக்காரருக்கு, மேற்கே இருக்கிற எங்களைவிடச் சட்டம் வேறோ?

கடற்காற்று:
கொடுக்கலாம் அண்ணன், கொடுக்கலாம்! எழுத்துக் கூட்டி வாசியுங்கள்.

உறுதிக்காரன்:
ரெண்டு பேரும் கத்துங்கள். அது தருமச் சொத்தா, அங்கத்தவர் சந்தா போட்டு வாங்கியதா என்று தெரியவேணாமா? அதுக்குத்தான் கேட்கிறேன்: உறுதியில் யார் பெயர்?

காத்தான்குடிக் காக்கா:
எங்கட பள்ளிவாசல் காணிக்கு 1956ஆம் ஆண்டு வக்பு சட்டம். வக்பு சபை அனுமதி இல்லாமல் விற்கேலாது. ஆருக்கும் குழப்பமில்லை.

படுவான்கரையான்:
பள்ளிவாசலும் வாசகசாலையும் ஒன்றா காக்கா?

காத்தான்குடிக் காக்கா:
நான் ஒன்று என்று சொல்லவில்லையே. உங்கட கோயிலை நிருவகிக்கிற வண்ணக்கர்மார் வருசா வருசம் வழக்குக்கு அலையிறதைப் பார்த்துச் சொன்னேன்.

படுவான்கரையான்:
வண்ணக்கரை இழுக்க வேணாம். அது குடிவழியாக வருகிற குடிமுறை. உங்களுக்கு விளங்காது.

கடற்காற்று:
உறுதிக்காரன் அண்ணன், உறுதி 1978 சூறாவளியில் போய்விட்டது. பத்து வருசம் ஆண்டாலே காணி உரிமை என்பார்கள்; நாங்கள் அந்த வளவில் பத்து வருசம் என்ன, அம்பது வருசமாக இருக்கிறோம். போதாதா?

உறுதிக்காரன்:
சூறாவளி உங்கள் அலமாரியைத்தான் கொண்டுபோனது, காணிப் பதிவகத்தை இல்லை. நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதிக்கும் இணைப் பிரதி அங்கே போகும். காசு கட்டிப் பிரதி எடுக்கலாம். உறுதி இல்லாமல் எந்த நொத்தாரிசு, எந்த ரெண்டு சாட்சி உங்களுக்கு விற்பனை உறுதி முடிப்பார்? சங்கத்தின் யாப்பில் (விதிகளில்) விற்பனையைப் பற்றி என்ன இருக்கிறது, பொதுக்கூட்டத் தீர்மானம் எங்கே, அதுவும் வேணும். ஆனால் முதல் கேள்வி அதே கேள்விதான். உறுதியில் யார் பெயர்? நான் 22 வருசம் நொத்தாரிசு ஒருவரிடம் இலிகிதராக இருந்தவன். யூடியூப் பார்த்துச் சட்டம் படிக்கவில்லை.

படுவான்கரையான்:
இலிகிதர் என்றால் நீதவான் இல்லை. 101ஆம் பிரிவு.

கடற்காற்று:
கொடுக்கலாம்.

படுவான்கரையான்:
தம்பி, சுனாமிக்குப் பிறகு வந்த 40 கதிரை எங்கே என்று முதலில் சொல்லும். அதை விற்க எந்த நீதிமன்றத்தில் அனுமதி எடுத்தீர்கள்?

கடற்காற்று:
விற்கவில்லை! உங்கள் மருமகளின் சாமத்தியச் சடங்குக்குக் கொண்டுபோனீர்கள். 40 போனது, 37 வந்தது. கொப்பி என்னிடம் இருக்கிறது.

படுவான்கரையான்:
39 வந்தது.

உறுதிக்காரன்:
கொப்பியில் யார் கையெழுத்து?